முதற் சோடியாக நின்ற நாள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்து, பிறகு கோலியர்ஸ் வுட்டில் சொந்தக் கடை போட்டு, பக்கத்துக் கடையையும் வாங்கியவன். கத்தியோடு கடைக்குள் வந்தவனைத் தனியாக நின்று விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு சேர்ச் ஹோலில், அக்கோர்டியன் வாத்தியச் சத்தத்துக்குக் கால் நடுங்கியது.

கடையை மகனிடம் கொடுத்த பிறகு மனைவி ஸ்கொட்லாந்து நாட்டு நடனம் பழகப் போகத் தொடங்கினாள். அங்கே பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. அதனால் எப்போதும் இவள்தான் ஆணின் இடத்தில் நின்று ஆடவேண்டும். "ஒருநாளைக்கெண்டாலும் பொம்பிளையா நிண்டு ஆடவேணும், வாங்கோவன்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். கடைசியில் ஒத்துக்கொண்டேன். ஹோல் வாசலில் வைத்து ஒன்று சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நடுவிலை விட்டிட்டுப் போய்க் கதிரையிலை இருந்தியளெண்டால், இனி உங்களைக் கேக்கவே மாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். என் தங்கச்சி வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்று ஒருமுறை சொன்னவள், இன்றுவரை அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. நாலு சோடி சேர்ந்தால் ஒரு குழு. எந்தக் கலியாண வீட்டிலும் என்னை முன்னுக்குத்தான் இருத்துவார்கள். ஆகவே மனைவியையும் இழுத்துக்கொண்டு போய், இசைக்காரருக்குக் கிட்ட முதலாவது இடத்தில் நின்றேன்.

"ஐயோ, அங்கை வேண்டாம். கீழை போவம்."

"கடைசியிலை நிக்கவே நான் வந்தனான்? பேசாமல் நில்லும்."

"என்னப்பா நீங்கள்! முதல் நிக்கிறவைதான் முதல் ஆடவேணும். புதுசா வாறவை கீழை நிண்டு பாத்துப் பழகிறவை!"

அதற்குள் இசை தொடங்கிவிட்டது. எல்லாரும் எதிரில் நின்றவருக்குக் குனிந்து வணங்கினார்கள். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது மற்ற ஆறு பேரும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனைவி நடுவுக்கு வந்து வலது கையை நீட்டினாள். நான் இடதைக் கொடுத்தேன். "மற்றக் கை! சுத்துங்கோ! இஞ்சாலை, இஞ்சாலை!" நரைத்த தலை வெள்ளைக்காரி ஒருத்தி என் முழங்கையைப் பிடித்து, வழிதவறிய மாட்டைத் திருப்புவதுபோலத் திருப்பிவிட்டாள். சுவரோரம் உட்காரப் போட்டிருந்த கதிரைகள் தெரிந்தன. போய் இருந்துவிட்டால் என்ன? அப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. என்னைவிடக் கூடப் பயந்திருந்தாள், நான் போய்விடுவேன் என்று.

போகவில்லை. எப்படியோ ஒரு சுற்று ஆடி, வரிசையில் இரண்டாவது இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மூச்சு வந்தது.

"முடிஞ்சுதே?"

"இல்லை, திரும்பவும் நாங்கள்தான்!"

முதற் சோடி இரண்டு தரம் ஆடவேண்டுமாம். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்திருந்தால்! இரண்டாந் தரம் அவள் கையை விடவேண்டிய இடத்திலும் நான் விடவில்லை. "விடுங்கோப்பா, விடுங்கோ" என்று சிரித்துக்கொண்டே இழுத்தாள். விட்டால் எங்கே போவதென்று எனக்குத் தெரியாது.

ஒருவழியாகக் கடைசி இடத்துக்கு இறங்கினோம். மற்றச் சோடிகளும் ஆடி, அந்த ஆட்டம் முடிந்தது. அடுத்ததுக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

"இன்னொருக்கா ஆட ஏலுமே?" என்றாள்.

"எனக்கு ஏலாததெண்டு ஒண்டு இருக்கே?"

சொல்லிக்கொண்டே வரிசைக்கு நடந்தேன். அவளுக்குக் கேட்டதோ தெரியாது. கையை நீட்டினாள். வலது கையைத்தான் கொடுத்தேன்.