விடியும்போது ஏறிய சீனி

இன்சுலினுக்கு ஒரு வாசம் உண்டு. புதிதாகக் காயம் கட்டிய துணியும், இப்போதுதான் மருந்து ஊற்றிக் கழுவிய ஆஸ்பத்திரித் தரையும் கலந்த வாசம். ஊசிமுனையில் ஒரு துளி திரளும்போது எழும்பும். பிறகு விரலிலேயே கிடக்கும். மீன் கழுவினாலும் போகாது. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் என் பெருவிரலில் அது இருக்கிறது. மூக்கில் பட்டதும் போன தவக்காலம் முழுவதும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

ஆண்டவருக்குள் அன்பான உறவுகளே, என் பெயர் றீற்றா. குருநகரில் பிறந்து குருநகரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஐம்பதை நெருங்குகிறேன். என் கணவர் சூசைதாஸ் கடற்தொழில் செய்கிறவர். மகள் திருமணமாகி மன்னாரில் இருக்கிறாள். அவர் கடலுக்குப் போனபின் வீட்டில் நானும் என் தையல் மெஷினும்தான்.

எனக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம். என் அப்பாவுக்கும் அதுதான் இருந்தது. முதலில் அவருடைய கால்விரல் ஒன்று போனது. பிறகு பாதம் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வள்ளத்தில் நின்று வலை இழுத்த மனிதன், வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டே செத்துப்போனார். ஆகவே நோய் என்னை எங்கே கூட்டிக்கொண்டு போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வழி தெரிந்த பயம் எனக்கு.

பின்னேரங்களில் சீனி ஓரளவு அடங்கி நிற்கும். காலையில்தான் ஏறி நிற்கும். கிளினிக்குக்குப் போனாலும், வீட்டு மெஷினில் பார்த்தாலும், காலை இலக்கம் இருநூறைத் தாண்டியே இருந்தது. சில நாட்களில் முந்நூறைத் தொட்டது. நான் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன். காலையில் இலக்கம் கூடியது. இடியப்பத்தை விட்டேன். இன்னும் கூடியது. கிளினிக்கில் இரவு ஊசியின் அளவைக் கூட்டினார்கள். அடுத்த முறையும் கூட்டினார்கள். அதற்கடுத்த முறையும்.

சாப்பிடாத உடம்புக்குள் இந்தச் சீனி எங்கிருந்து வருகிறது? நான் தூங்குகிறபோது எனக்குள்ளே யாரோ இருந்து தின்கிறார்கள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். அப்படித்தான் நினைத்தேன். பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. நூல் இரண்டாகத் தெரிந்தது, ஊசி தெரியவில்லை. குளித்துவிட்டு ஒவ்வொரு நாளும் கால்விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் கால் என் காலுக்குள் வந்து காத்திருப்பதுபோல் இருந்தது.

என் காலைகளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். விடியப்புறம் கண் விழிக்கும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே எழும்பி அடுப்பை மூட்டுவேன். அவருக்கும் எனக்கும் வெறும் தேத்தண்ணி. சீனி போடாமல், ஓலைக் குட்டானிலிருந்து எடுத்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற தேத்தண்ணி. குடித்ததும் நடுக்கம் நிற்கும். அவர் கடலுக்குப் போவார், நான் பூசைக்குப் போவேன். பூசை முடிந்து வந்து, இன்னும் ஒன்றும் சாப்பிடாமல், விரலில் குத்திப் பார்ப்பேன். இலக்கம் ஏறி நிற்கும்.

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிற நாளிலும் தேத்தண்ணி குடிக்கலாம். என் அம்மா அப்படித்தான் பிடித்தா, நானும் அப்படித்தான் பிடித்தேன். பனங்கட்டியோ, கருப்பட்டி என்பார்களே, எங்களுக்கு மருந்து. இருமலுக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். கிளினிக்கில் தாதி, "ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே அம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "இல்லை மிஸ்" என்றுதான் சொன்னேன். அந்தப் பதிலில் ஒரு துளி சந்தேகமும் எனக்கு இருந்ததில்லை.

பெரிய வியாழன் வந்தது. அன்று மாலை கோயிலில் நற்கருணைக்கு முன்னால் நெடுநேரம் முழந்தாளில் இருந்தேன். அதுவரை நான், "ஆண்டவரே, என் காலைச் சீனியைக் குறைத்துத் தாரும்" என்றுதான் மன்றாடி வந்தேன். அன்று வாய் வேறு விதமாகத் திறந்தது. "எனக்குள்ளே ஒளிந்திருப்பது என்ன என்று காட்டும். பயங்கரமாக இருந்தாலும் காட்டும்" என்றேன். சொன்னதும் எனக்கே குளிர் பிடித்தது. மெழுகுதிரிகள் எரிந்தன. திரும்பி வந்து, பசி இல்லாததால் சாப்பிடாமல், கூட்டிக் கொடுத்த அளவின்படி ஊசியைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. எங்கள் கரையில் அன்று ஒரு வள்ளமும் இறங்காது. நானும் அன்றைக்கென்று ஓர் ஒறுத்தல் செய்ய நினைத்தேன். ஆண்டவர் சிலுவையில் புளித்த காடி குடித்த நாளில் எனக்கு எதற்கு இனிப்பு? தேத்தண்ணியை மட்டும் குடித்தேன். பனங்கட்டியைத் தொடவில்லை.

நடுக்கம் நிற்கவில்லை.

சிலுவைப்பாதைக்கு வெள்ளைச் சேலையை உடுத்தத் தொடங்கினேன். கொசுவம் கைக்குள் நிற்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் வியாகுலப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்த அழுகை சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அன்று வீட்டில் நின்ற என் கணவர் சொல்லித்தான் தெரியும்.

நான் அவரைப் பார்த்து, "வலையை ஏன் கட்டிலிலை விரிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று ஏசினேனாம்.

"பெரிய வெள்ளியிலையும் என்னோடை கொழுவ உனக்கு மனம் வருதே?" என்று அவர் சிரித்தாராம். "நாளையிண்டைக்கு உயிர்ப்புத் திருநாள். அதுக்குப் பிறகு ஏசு, கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

"அப்பாவின்ரை காலைத் தாங்கோ. கட்டிலுக்குக் கீழை கிடக்கு."

அவருடைய சிரிப்பு அதோடு நின்றுவிட்டதாம். நான் கதவு நிலையைப் பிடிக்கக் கை நீட்டினேன். நிலை அங்கே இல்லை. விழுந்துவிட்டேன்.

உறவுகளே, யோசித்துப் பாருங்கள். வேறெந்த நாளாக இருந்தாலும் அந்த நேரம் அவர் கடலில். நான் தனிய. கதவு சாத்தியிருக்கும். மத்தியானம் அவர் மீனோடு வந்து கூப்பிட்டிருந்தால், ஓம் என்று சொல்ல ஆள் இருந்திருக்காது.

கண் திறந்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலடியில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை, என் மகளின் வயதிருக்கும், நின்றா. என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், விசாரணைக்கு வந்தவர் மாதிரி.

"ஐயா, இவவுக்குச் சீனி கூடி மயக்கம் வரேல்லை. இறங்கித்தான் மயங்கினவ. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் ஆள் இல்லை."

"இறங்கியோ? காலமையில ஏறித்தானே டொக்டர் நிக்கிறது?"

"காலமை எழும்பி என்ன சாப்பிடுறவ?"

"ஒண்டும் தின்னமாட்டா. பூசைக்குப் போய்வந்துதான் சாப்பாடு. தேத்தண்ணி மட்டும் குடிப்பா."

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறவவோ?"

"ஐயோ, சீனிப் போத்தலுக்குக் கிட்டவும் போகமாட்டா! பனங்கட்டிதான்."

டொக்டர் பிள்ளை எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினா. "எவ்வளவு பனங்கட்டி?"

"அது… கை நடுங்குதெண்டால் இன்னொரு துண்டு கடிப்பா. இப்ப கொஞ்ச நாளாய் நடுக்கம் கூட. டொக்டர், உண்மையைச் சொன்னால், இவ என்னோடை இல்லை, பனங்கட்டிக் குட்டானோடைதான் குடும்பம் நடத்தினவ."

"இண்டைக்கும் கடிச்சவவோ?"

"இண்டைக்குப் பெரிய வெள்ளியெல்லோ. ஒறுத்தவ."

டொக்டர் பிள்ளை கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தா. "அம்மா, இரவு ஊசி கூடினதாலை விடியப்புறம் உங்களுக்குச் சீனி இறங்குது. அதுதான் வேர்வை, அதுதான் நடுக்கம். நீங்கள் பனங்கட்டியைக் கடிச்சு ஏத்துறியள். ஏறினதை நாங்கள் அளக்கிறம். அளந்துபோட்டு, மருந்து காணாதெண்டு ஊசியைக் கூட்டுறம். கூட்டக் கூட்ட இன்னும் இறங்குது. நீங்கள் இன்னும் கடிக்கிறியள்."

நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதேன். எனக்குள்ளே இருந்து தின்றது யாருமில்லை. காட்டும் என்று கேட்டேன், ஒரு விடியலுக்குள் காட்டிவிட்டார். நான் ஒறுத்த சின்ன இனிப்பின் வழியாகவே காட்டினார். காட்டுகிற நாளில் என்னைத் தூக்க ஒரு மனிதனையும் கரையில் நிறுத்தி வைத்தார். அதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நிலை இல்லாத இடத்தில் கை நீட்டியவள் நான். எனக்குத் தெரியும் யார் பிடித்தது என்று.

ஊசியின் அளவைக் குறைத்தார்கள். இப்போது எழும்பியதும், அடுப்பு மூட்ட முன்னம், விரலில் குத்திப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. கூட ஒன்றும் கடிப்பதில்லை. இரவுச் சாப்பாட்டைத் தவறவிடுவதில்லை. ஒருசந்தி நோயாளிகளுக்குக் கடமை இல்லை என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். பசிக்குப் பதிலாக வாயை ஒறுக்கிறேன், அது என் கணவருக்குத்தான் ஆறுதல். காலை இலக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. சில நாட்களில் இன்னும் ஏறும். ஏறினால் நானாக ஊசியில் கை வைப்பதில்லை, கிளினிக்கில் சொல்கிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அது வாசலில் இருக்கிறது. வீட்டுக்குள் இல்லை.

நீங்களும் கேளுங்கள். நோயை எடுத்துவிடும் என்று மட்டும் கேளாதீர்கள், காட்டும் என்று கேளுங்கள். காட்டினால் ஒன்றையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். வாய்க்குள் போன எதையும் சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் உரும்பிராயிலிருந்து வந்த பரமேஸ்வரி அக்கா இருந்தா. தோட்டக்காரக் குடும்பம். அவவுக்கும் காலைச் சீனிதான். வலது பாதம் கறுத்துவிட்டது. நான் வீட்டுக்குப் போகிற நாளுக்கு மறுநாள் அதை வெட்டுவதற்கு நாள் வைத்திருந்தார்கள். என் கணவர் டொக்டரிடம் சொன்னதை எல்லாம் அவ கேட்டுக்கொண்டுதான் கிடந்தா.

எனக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று, சேலையை மாற்றிக்கொண்டு அவவின் கட்டிலடிக்குப் போனேன். கறுத்த பாதத்தைப் போர்வை மூடியிருந்தது. அவ என் மணிக்கட்டைப் பிடித்தா. பிடி இறுக்கமாக இருந்தது.

"தங்கச்சி, நானும் விடிய எழும்பி, முழுகிப்போட்டு, பூ ஆய முன்னம் பால்தேத்தண்ணி குடிக்கிறனான். வெள்ளிக்கிழமை விரதத்திலையும் குடிப்பன். பனங்கட்டி இல்லை, கற்கண்டு. சாமிக்கு வைச்ச கற்கண்டு. அது ஒண்டும் செய்யாதெண்டு இருந்திட்டன்."

நான் குனிந்து கேட்டேன். "டொக்டரிட்டைச் சொன்னனீங்களே அக்கா?"

"இல்லை. இனிச் சொல்லி இந்தக் கால் வருமே? ஆனால் மற்றக் கால் இருக்குத்தானே." அவ என் கையை விட்டா. "அவர் வாசலிலை பாத்துக்கொண்டு நிக்கிறார், நீ போ. நாளைக்கு என்னைக் கொண்டுபோக முன்னம் நான் எல்லாத்தையும் சொல்லிப்போடுறன். நீயும் உன்ரை மாதாவிட்டை என்ரை பேரை ஒருக்காச் சொல்லிவிடு."