பௌர்ணமியன்று திறந்த வால்வு

மூடிய எஃகுக் கலத்துக்குள், பெரும் அழுத்தத்தில், எதில் எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்வது எங்கள் தொழில். திறந்தாலே உள்ளே இருப்பது மாறிவிடும் என்பதால் எங்களைச் சந்தேகிக்க உலகத்துக்கு முழு உரிமை உண்டு.

கேஸ் எங்கே?

வேங்கிக்காலில் எங்கள் ஆய்வகம். கலத்தில் கீழே கடலை எண்ணெய், மேலே கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு எவ்வளவு எண்ணெயைக் கரைத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. நிறையக் கரைத்தால், அளந்து சொல்லக் கேட்டிருந்த கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில்காரர் தன் கிணற்று நிலத்தை விற்றுவிட்டு, வாயுவால் எண்ணெய் எடுக்கும் மிஷின் வாங்குவார். ஒருநாள் வந்து, கலத்தின் தடித்த கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். "எண்ணெய் தெரியுது சார். கேஸ் எங்க, லீவுல போயிடுச்சா?"

வளைகோடு

எங்கள் மேலாளர் கலத்தைத் தொட்டதே இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு வளைகோடு வரைந்து வைத்திருப்பார்; என் புள்ளிகள் அதன்மேல் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் தப்பு என்னுடையது. உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். கம்ப்யூட்டர் தப்பே செய்யாதா என்று கேட்டேன். "சாமிகூட தப்பு பண்ணும் சார், சாஃப்ட்வேர் பண்ணாதுங்க."

அன்றைய அளவு

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதையை அடைத்துவிட்டால் நான் வீடு போய்ச் சேர முடியாது. மேல் அடுக்கில் மாதிரி எடுக்க வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறக்க வேண்டும். நான் ஒரே திருப்பாகத் திருப்பினேன். அழுத்தம் சரிந்தது, கீழே எண்ணெய் நுரைத்தது, துளிகள் எகிறி மாதிரியோடு கலந்தன. கண்ணாடியில் பார்த்தேன். பார்க்காதவன்போல் எழுதிக்கொண்டேன். எண்ணெய் ஜாஸ்தியாக வந்து, புள்ளி வளைகோட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மேலாளர் கைகொடுத்தார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் சார் ஒழுங்கா அளந்திருக்கீங்க!"

கிணற்று நிலம்

அறிக்கை மில்காரருக்குப் போனது. இரண்டு நாள் மேலாளரை மனசுக்குள் திட்டியே ஓட்டினேன். அவரைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? அவர் கலத்தைப் பார்க்காதவர், நான் பார்த்தவன். மூன்றாம் நாள் பொறுமையாக வால்வைத் திறந்து மறுபடி அளந்தேன். எண்ணெய் அன்று வந்ததில் பாதிகூட இல்லை.

மறுநாள் நிலத்துக்குப் பத்திரப் பதிவு என்று மில்காரர் சொல்லியிருந்தார். உடனே பஸ் பிடித்துப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மில்லை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "நீங்க வீட்டுக்கு ஓடுற அவசரத்துல, நான் என் கெணத்தையில்ல வித்துட்டிருப்பேன்!"

அறிக்கையில் என் பெயருக்குக் கீழே 'துல்லிய அளவீட்டு நிபுணர்' என்று இன்னும் அச்சாகிறது. அதை அடித்துவிடச் சொல்லத்தான் எனக்கு அவசரமே வரவில்லை.