தோல் லாரியில் ரேஸுக்குப் போனவன்

நஸீர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவன் லாரி டிரைவர் வேலு. காலையில் வேலூரில் என் டயர் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். "மனோகர் அண்ணா, நஸீர் பாய் போய்ட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம், அவ்ளோதான்" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். எனக்கு முன்னால் இவனுக்கு எப்படித் தகவல் போனது? நஸீரை அறிந்தவர்கள் இதைப் படித்து வருத்தப்படுவீர்கள். என்னை அறிந்தவர்கள் ஆச்சரியப்படமாட்டீர்கள்.

நஸீர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது, இருந்தும் 'வாடா, போடா'தான். எங்களைச் சேர்த்தது கார் ரேஸ். வருடத்துக்கு நாலைந்து முறை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள டிராக்கில், பழைய சின்னக் கார்களுக்கான போட்டியில் ஓட்டுவோம். அவன் ஓட்டிய எந்தப் போட்டியிலும் நான் அவனை முந்தியதில்லை. இப்போது எழுதும்போதும் அது உறுத்துகிறது.

அவனுடைய கார் உடைப்புக்குப் போன வண்டி. பதிவை ரத்து செய்துவிட்டார்கள். நம்பர் கிடையாது, விளக்கு கிடையாது, ஓட்டுகிறவனுக்குத் தவிர சீட்டும் கிடையாது. அதை ரோட்டில் ஓட்டக்கூடாது. எதன் மேலாவது ஏற்றித்தான் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். கார் ஏற்றிச் செல்கிறவர்கள் கேட்கும் வாடகை ஒரு ஃபிட்டர் சம்பளத்துக்குக் கட்டாது. ஆனால் சென்னையிலிருந்து பதனிடாத பச்சைத் தோல் கொண்டுவரும் வேலுவின் லாரி, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். தொழிற்சாலையில் தோல் இறக்கும் மேடை லாரியின் தளத்துக்குச் சரிசமமான உயரம். நாலு பேர் தள்ளினால் கார் நேராக லாரிக்குள் போய்விடும். டிராக்கில் மேடை இல்லை. அங்கே ஒரு மண்மேட்டில் லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, இரண்டு பலகை போட்டு இறக்குவான். டிரைவருக்கு டீசலில் ஒரு பங்கு, ஒரு பிரியாணி. இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் புழுங்கியிருக்கிறேன்.

முதல் தடவை வாலாஜாபேட்டை தாண்டி ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். நான் பின்னாலேயே என் ரேஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். மாட்டிக்கொள்வான் என்று ஓரம்கட்டி வேடிக்கை பார்த்தேன்.

"இன்னாய்யா, நம்பர் இல்லாத வண்டிய எங்க கொண்டு போற?"

"சார், ரோட்டுல ஓடுனாத்தான் அது வண்டி. லாரி மேல ஏறிட்டா சரக்கு சார். பழைய இரும்பு வாங்குன ரசீது, ரேஸ் நடத்துறவங்க லெட்டர், எல்லாம் இருக்கு, பாருங்க" என்றான் நஸீர்.

அவர் பார்த்தார். பிறகு லாரியில் ஏறி, காரின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். என் கார் பதிவும் இன்ஷூரன்ஸும் உள்ள கார். என்னிடம் எந்தப் போலீஸ்காரரும் போட்டோ கேட்டதில்லை.

அவன் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்வதில் எனக்கு இன்னமும் மகிழ்ச்சி உண்டு. ஒருமுறை காரைக் கட்ட பெல்ட் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் ஓரம் வெட்டிப்போட்ட பச்சைத் தோல் வார்களை ஈரத்தோடு எடுத்து, நாலு சக்கரத்துக்கும் இறுக்கிக் கட்டிவிட்டான். வழியெல்லாம் வெயில். ஈரத் தோல் காய்ந்தால் சுருங்கும் என்பது ஆம்பூரில் பிறந்த எவனுக்கும் தெரியும். டிராக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்கள் இரும்பாக இறுகி, கார் தரையோடு அமுங்கிக் கிடந்தது. இரும்பு ரம்பம் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. நாற்றம் தாங்காமல் சென்னைப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உதவினார்கள். "இன்னா வாசனை? எனக்கு ஒண்ணும் வர்லியே" என்று நஸீர் உண்மையாகவே கேட்டான். வயிறு வலிக்கச் சிரித்தேன். பயிற்சிச் சுற்றைத் தவறவிட்டதால் அவனைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். அங்கிருந்து கிளம்பி மூன்றாவதாக வந்தான். நான் ஐந்தாவது.

அதன் பிறகுதான் நான் டிரைலர் வாங்கினேன். வெள்ளைப் பெயின்ட், சாய்தளம், என் ஜீப்பில் மாட்ட நல்ல கொக்கி. டிராக்கில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தோல் லாரியைச் சுற்றித்தான் நின்றார்கள்.

போன வருடம் கடைசிப் போட்டி. நஸீர் ஓட்டி முடித்தாலே வருடக் கோப்பை அவனுக்கு. அவன் வராவிட்டால் எனக்கு. அந்த வாரம் பார்த்துத் தோல் லோடு வரவில்லை. வியாழக்கிழமை போன் செய்தான். "தோஸ்த், சனிக்கிழமை உன் டிரைலரும் ஜீப்பும் குடுடா. என் வண்டிய இறக்கிட்டு சாயங்காலம் திருப்பி வுட்டுடறேன். ஞாயித்துக்கிழமை நீ போலாம்."

"கொக்கி உடைஞ்சி கெடக்குதுடா" என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆட்டோவில் வெல்டிங் மெஷினோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். குனிந்து கொக்கியைத் தடவிப் பார்த்தான். கீறல்கூட இல்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உடையாத அந்தக் கொக்கியின் கழுத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வெல்டிங் வைத்தான்.

"இனிமே உடையாது. ரெண்டு நாள் லோடு ஏத்தாத, ஆறணும். ஞாயித்துக்கிழமை காலைல உன் வண்டிய ஏத்து, சரியா இருக்கும்."

வெல்டிங் கால் மணியில் ஆறிவிடும். அது ஃபிட்டருக்கும் தெரியும், டயர் கடைக்காரனுக்கும் தெரியும். 'எடுத்துக்கிட்டுப் போடா' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. கோப்பை என் கடையில், கல்லாவுக்கு மேலே இருக்கிறது.

நஸீரின் ஜனாஸா ஊர்வலத்துக்கு அவ்வளவு கூட்டம். லாரி டிரைவர்கள், டிராக்கில் கொடி காட்டும் பையன்கள், தொழிற்சாலையின் மூன்று ஷிஃப்ட் ஆட்கள். தோள் கொடுக்க அத்தனை பேர் முண்டியதில் எனக்கு நாலு அடி தூரம்தான் கிடைத்தது. என் சாவுக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று அங்கேயும் கணக்குப் போட்டேன். அப்படிப்பட்ட மனம் எனக்கு.

நேற்று அவன் மனைவி போன் செய்தார். "அண்ணா, அந்த வண்டிய நீங்களே எடுத்துக்குங்க. 'எனக்கு ஒண்ணுன்னா மனோகர்கிட்ட குடுத்துடு, அவன்கிட்டதான் டிரைலர் இருக்குது'ன்னு சொல்லிட்டு இருப்பாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அந்தக் கொக்கி உடைஞ்சி, இவருதான் வெல்டிங் வெச்சாராமே. இந்த வண்டிய தாங்குமாண்ணா?"

பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"தாங்கும்மா" என்றேன்.

நாளை காலை ஆம்பூருக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போகிறேன். கோப்பையை அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிடுவேன். கார் என் கொட்டகையில் நிற்கும், ஆனால் அது என்றைக்கும் நஸீருடைய வண்டிதான். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த வெல்டிங் தழும்பு ஒன்றுதான். நஸீரைப் போல ஓட்ட முடியவில்லை என்றுதான் இத்தனை வருடமும் பொறாமைப்பட்டேன். இப்போது பொறாமை வேறு. ஒருவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும், அவன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பொய்க்கு வெல்டிங் வைக்க என்னால் முடியாது.