சாமித்தம்பியின் திரும்பாத கழுத்து

கல்லடியில் மூன்று வேன் வைத்திருக்கிற சாமித்தம்பி, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். மூன்றும் கையால் உழைத்து எடுத்தவை. படித்தவர்களில் எத்தனை பேர் அப்படி நிமிர்ந்தார்கள், சொல்லுங்கள்!

போன சனிக்கிழமை காத்தான்குடியில் சனம் றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டடியில் வேனை நிறுத்தியபோது பின்னால் ஒரு கார் வந்து மோதியது. இறங்கிப் பார்த்தார், பம்பரில் ஒரு கீறல்தான்.

"எனக்கு ஒண்டுமில்ல, நீ போ தம்பி" என்று காரோட்டியை அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை கழுத்து திரும்பவில்லை. படுத்தால் குத்தியது, இருந்தால் முதுகு இழுத்தது. செவ்வாய் முழுதும் வீட்டு வளவுக்குள்ளேயே நடந்து திரிந்தார். வியாழன் பாசிக்குடாவுக்கு வேன் ஓட்டம் இருந்தது; தான் ஓட்டும் வேனின் ஸ்டியரிங்கை இன்னொருவனிடம் கொடுத்துப் பழகாதவர்.

புதன் காலை சலூன் கதிரையில் போய்க் குந்தினார். சவரம் முடிந்ததும் தலையைப் பிடித்துக் கழுத்தைச் சடக்கென்று முறித்துவிடுவதில் சலூன்காரன் உதயசீலன் கெட்டிக்காரன்.

"சவரம் வேணாம். கார் இடிச்சதில புடிச்ச கழுத்து, ரெண்டு பக்கமும் நல்லா முறிச்சு விடு."

"அடிபட்ட கழுத்தெல்லா அண்ணன்? கை விறைக்கிதா?"

"எனக்கா? இது நெல்லு மூட்டை தூக்கின கை!"

உதயசீலன் பிளேன்டீயை நீட்டினான். சாமித்தம்பியின் விரல்கள் கோப்பையைப் பிடிக்கவில்லை. தேநீர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

"நான் தலமயிர்தான் வெட்டுவன் அண்ணன், கழுத்த வெட்ட மாட்டன். ஆசுபத்திரிக்குப் போங்க" என்று உதயசீலன் ஓட்டோவை மறித்தான்.

ஓட்டோவின் பின் சீற்றில் சாமித்தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாமல், கல்லடிப் பாலம் ஏறுமுன் ஓட்டோக்காரனிடம் மூன்று தரம் கேட்டுவிட்டார்:

"தம்பி, பின்னால எவனும் கிட்ட வாறானா எண்டு பாரு!"