ஒரு கரண்டி பழைய தயிர்

கண்ணம்மாள் கை பட்டால் தண்ணீர்கூடத் தயிராகும் என்று காரிமங்கலத்தில் ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சுதான், ஆனால் அவளுக்கு அதுதான் சொத்து. புது வீடு புகுகிறவர்கள் முதல் உறை ஊற்ற அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாதையனின் சின்னப் பால் கம்பெனியிலும் பதினெட்டு வருஷமாக உறை ஊற்றுவது அவள்தான்.

அங்கே பாக்கெட்டில் வரும் உறைப்பொடியைத்தான் போட வேண்டும். வெறும் பொடி போட்டால் அவளுக்கு மனசு ஆறுமா? முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியில் விட்டுவிடுவாள். உறை அறுந்து போகக் கூடாது என்பது அவள் மாமியார் வீட்டு வழக்கம்.

ஐப்பசியில் வந்தது வினை. நாலு நாளாகத் தொட்டியில் தயிர் அரைகுறையாக, நீர்த்தே கிடந்தது. மாதையன் தொட்டி கழுவும் நஞ்சம்மாள் மேல் பாய்ந்தார்.

"ஒழுங்கா கழுவறதில்ல. சனிக்கிழமையோட நின்னுக்க!"

 நஞ்சம்மாள் விரல் தோல் உரியத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பொறுக்காமல், தயிர் உறையட்டும் என்று கண்ணம்மாள் ஒரு கரண்டிப் பழைய தயிரை இரண்டு கரண்டியாக்கினாள். அடப் பாவமே, அவளுக்கு என்ன தெரியும்!

வெள்ளிக்கிழமை, பால் பரிசோதிக்கும் சுசித்ரா ஆய்வக முடிவோடு வந்தாள்.

"பால்ல தப்பில்லீங்க சார். உறையில இருக்கிற பாக்டீரியாவுக்குப் புதுசா ஒரு வைரஸ் வந்திருக்குது. நம்மள ஒண்ணும் பண்ணாதுங்க. பாக்டீரியாவுக்குள்ள தன் மரபணுவ எறக்கி, தன்னை மாதிரியே நூறு செய்ய வெச்சு, அதை வெடிக்க வெச்சிரும். நாலு நாள் தயிர்லயும் அதே மரபணுங்க. அந்த மரபணு எழுத்துல மட்டும் அங்கங்க ஒண்ணு மாறியிருக்குது. ஒரு நாள் மாறினது மறுநாள் தயிர்லயும் வருது. தினமும் முந்தின நாள் தயிர்ல இருந்துதான் போயிருக்குது."

"பாத்தீங்களா! தொட்டியில ஒட்டிக்கிட்டு வந்திருக்குது. கழுவினாத்தானே?" என்றார் மாதையன்.

கண்ணம்மாளுக்குத் தன் கரண்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேர் நிற்கும். நஞ்சம்மாள் பிழைப்பு போகும்.

"தொட்டியில இல்லீங்க. என் கரண்டியில. நான்தான் பழைய தயிர் விட்டேன்."

"எத்தன நாளா?"

"பதினெட்டு வருசமாங்க."

 மாதையன் மெல்லச் சொன்னார்: "கைராசின்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்."

அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நஞ்சம்மாளை நிறுத்தும் பேச்சு அதோடு போனது. சனிக்கிழமை, அந்த வைரஸ் தொடாத வேறு வகை உறைப்பொடி வந்தது. கண்ணம்மாள் பாக்கெட்டை நஞ்சம்மாளிடம் நீட்டினாள். "நீயே போடு."

சாயங்காலம் நஞ்சம்மாள் மூடியைத் திறந்து கத்தினாள். "அக்கா! என் கைக்கும் ஒறஞ்சிருக்குதுங்க!"

கண்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். கட்டித் தயிர். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.