தவிட்டுக்கடைக்கு மாடு வரக் கூடாது

எனக்கு இப்போதெல்லாம் எங்கள் கடைத்தெருவைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவு சுத்தம். தரை முழுக்கக் கருங்கல், கதவெல்லாம் ஒரே பச்சை, விளக்கெல்லாம் அந்தக் காலத்து லாந்தர் மாதிரி. உள்ளே மட்டும் மின்சார பல்பு. என் தையற்கடைக் கதவுக்கும் அதே பச்சைதான். நான் கேட்கவில்லை. வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள்.

எதிர்க்கடை தவிட்டுக்கடை அக்காவுடையது. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை என்று மாடு தின்பதெல்லாம் அங்கே கிடைக்கும். புருஷன் போன பிறகு கடையையும் இரண்டு மகள்களையும் ஒண்டியாகவே பார்த்துக்கொண்டவள். தலைமுடியில் எப்போதும் தவிடு படிந்திருக்கும். வாயில் தாட்சண்யம் கிடையாது. பால் குறைந்துவிட்டது என்று ஒரு பால்காரர் புலம்பினால், “நீதான் தண்ணிய ஊத்திச் சரிக்கட்டிடுறியே, அப்புறம் எங்க குறைஞ்சுது?” என்பாள்.

அவள் வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் புண்ணாக்கு வந்தால், பால்காரர்கள் மாட்டைக் கடை வாசலுக்கே ஓட்டி வருவார்கள். அக்கா ஒரு கை அள்ளி நீட்டுவாள். மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் மொத்த மூட்டையும் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். “மாட்டு வாய்க்கு மேல என்ன சர்டிபிகேட்டு?” என்பாள். அதை நம்பித்தான் சுற்றுவட்டாரம் முழுக்க அவளிடம் வாங்கியது.

நகரம் வீங்கி வீங்கி எங்கள் ஊர் விளிம்பைத் தொட்டபோது, கடைத்தெருவை இடித்து வணிக வளாகம் கட்ட ஒரு கம்பெனி வந்தது. புதிதாகப் பங்களா கட்டிக் குடிவந்தவர்கள் பதறிப்போய், ஊரின் கிராமத்தன்மையைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரியம்மா ஒருவர் தலைவி. கூட்டம் போட்டார்கள், பதாகை பிடித்தார்கள், காபி குடித்தார்கள். ஒன்றும் அசையவில்லை.

இடிக்கும் இயந்திரம் வந்த அன்று, அக்கா பால்காரர்களைத் திரட்டி அத்தனை மாடுகளையும் அதன் முன்னால் நிறுத்தினாள். தெரு நெடுகத் தவிட்டுத் தொட்டி வைத்தாள். மாடுகள் தின்றன, சாணி போட்டன, இம்மியும் நகரவில்லை. அந்தப் போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கம்பெனி வாலைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. குழு அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நாங்களும் பிழைத்தோம் என்று நினைத்தோம், மடையர்கள்.

பிறகு குழுக்காரர்கள் தெரு முழுக்கக் கருங்கல் பதித்தார்கள். கல்லில் சாணி பட்டால் கறையாம். மாடு வரக் கூடாது. லாரி வந்தால் கல் பெயருமாம், அதுவும் கூடாது. மூட்டையை வாசலில் அடுக்கினால் தூசியாம்.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு தலைவியம்மாவிடம் போனாள். மாடுகள் மறித்து நின்ற போட்டோ, தங்க நிறச் சட்டம் போட்டு அந்தம்மாவின் தலைக்கு மேலேயே தொங்கியது.

“கிராமத்தன்மைய காப்பாத்தத்தான்மா இவ்வளவும்” என்றார்.

“மாடு இல்லாமலா?”

“மாடு வேணாம்னு யாரு சொன்னா? உங்க கடை முன்னாடியே ஒண்ணு வைக்கப் போறோமே. சிமெண்ட்ல.”

வைத்தார்கள். கழுத்தில் நிஜ மணி கட்டிய சிமெண்ட் மாடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரில் வந்து இறங்குகிறவர்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லை இளிப்பார்கள். அப்படியே அக்கா கடைக்குள் நுழைந்து தவிட்டில் கையை விட்டுத் துழாவிப் படம் எடுப்பார்கள். “ஐயோ, என்ன வாசனை! கிராமத்து வாசனை!” என்பார்கள். வெளியே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். ஒரு பிடி தவிடு வாங்கியவன் கிடையாது. எனக்குக் கத்தரிக்கோலோடு எழுந்து போகலாமா என்று இருக்கும்.

பால்காரர்கள் ஒவ்வொருவராக நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மாட்டை ஓட்டி வர முடியாத கடைக்கு எதற்கு வருவார்கள்? அக்கா கல்லாவில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைகளில் வண்டு விழுந்தது. மூத்த மகள்தான் சொன்னாள்: “அம்மா, மாடு எங்க இருக்கோ அங்க போயிடலாம். இங்க இருந்தா நம்மளையும் வண்டுதான் அரிக்கும்.”

நெடுஞ்சாலை ஓரம் தகரக் கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. டெம்போவைத் தெருவுக்குள் விடவில்லை. கோடியில் நிறுத்தி, அக்காவும் மகள்களும் நானும் மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனோம். அதையும் இரண்டு பேர் படம் எடுத்தார்கள். சீ.

கடைசியாக உத்தரத்திலிருந்து பெரிய தராசை இறக்கும்போது தலைவியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்னம்மா இது, போராடிக் காப்பாத்தின தெருவ விட்டுட்டுப் போறீங்களே! சரி, போறதுதான் போறீங்க, அந்தத் தராசையாவது விட்டுட்டுப் போங்க. இடமே அதாலதான் களையா இருக்கு.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வச்சுக்கிட்டு எதை நிறுப்பீங்க?”

“நிறுக்கறதெல்லாம் வேணாம்மா. சும்மா தொங்கினா போதும்.”

“என்னையும் அப்படித்தானே வச்சிருந்தீங்க” என்றாள் அக்கா. தராசைத் தோளில் போட்டுக்கொண்டு டெம்போவைப் பார்த்து நடந்தாள்.