விழ மறந்தவள்

கிளப்பில் எல்லாரும் அவளைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவள் நின்றால் கோல் பூட்டிய வீடு என்று யாரோ சொல்லப்போய், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவளுடைய தம்பியும் அதே கிளப்பின் ஆண்கள் அணியில் கோல்கீப்பர்தான். மூன்றாவது கோல்கீப்பர். சேர்ந்ததிலிருந்து ஓர் ஆட்டத்திலும் இறங்கியதில்லை. பெஞ்சில் உட்காரும் அவனுக்கு மாதச் சம்பளம், குடியிருக்க வீடு, மருத்துவச் செலவு. மண்ணில் விழுந்து புரளும் அவளுக்கு ஆட்டக்கூலி மட்டும். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தை அவள் கண்ணால் பார்க்க இரண்டு சீசன் ஆட வேண்டும்.

"நான் விழுந்து சம்பாதிக்கிறேன், நீ உட்கார்ந்து சம்பாதிக்கிற. குடுத்து வச்சவன்டா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் ஒருநாள் கண் பட்டது.

அன்று ஆண்கள் அணிக்குப் பெனால்டி பயிற்சி. தம்பிக்குக் கணுக்கால் லேசாகப் பிசகியிருந்ததால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். "நம்ம பூட்டைக் கூப்பிடுங்கப்பா, ஒரு உதவிதானே" என்றார் மேனேஜர். உதவிக்குக் கூலி கிடையாது. போய் நின்றாள். ஐந்தாவது பந்துக்குத் தாவியபோது வலது முழங்காலுக்குள் ஏதோ 'ப்ளக்' என்று அறுந்தது.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "தசைநார் பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிட்டா மறுபடி ஆடலாம். அதுக்குள்ள இன்னொரு தரம் முறுக்கிக்கிட்டா, ஆட்டத்த மறந்துட வேண்டியதுதான்."

முழங்காலில் கட்டோடு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"லேடீஸ் டீமுக்கு மேட்ச்ல பட்ட அடிக்குத்தான் கிளப் செலவு பண்ணும்மா. பயிற்சியில பட்டதுக்கு ரூல் இல்ல."

"அது ஆம்பளைங்க பயிற்சி சார். நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன். உனக்கு அது பயிற்சியே இல்லையேம்மா!" என்றவர், அவள் கதவைத் தாண்டும்போது அக்கறையாகக் கேட்டார்: "தம்பி கணுக்கால் எப்படி இருக்கு? நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

வீட்டில் தம்பி துடித்தான். "நான் கட்டுறேன்க்கா."

"உன் சம்பளத்துலதான் அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்றோம். அத நிறுத்திட்டு என் காலப் பார்க்கலாமா?"

உள்ளறையிலிருந்து அப்பாவின் இருமல் கேட்டது.

வழி கண்டுபிடித்தது கேப்டன். பெண்கள் உடை மாற்றும் அறை என்பது உண்மையில் சாமான் அறை. கிழிந்த வலைகள், சுண்ணாம்பு மூட்டைகள், புல்வெட்டும் இயந்திரம், நடுவில் பதினோரு பெண்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேப்டன் மெல்லச் சொன்னாள்.

"சனிக்கிழமை மேட்ச்சுக்குக் கட்ட அவுத்துட்டு இறங்குடி. உயரமா முதல் பந்து வந்ததும் தாவாத, நின்ன இடத்துலயே பொத்துனு விழு. எழுந்திரிக்காத. ரெஃபரி எழுதிட்டா அது மேட்ச்ல பட்ட அடி."

"பொய்யா விழவா?"

"அடி பட்டது பொய்யா? நாங்க சுத்தி நின்னு அழுறோம்."

"எனக்கு அழுகையே வராதே கேப்டன்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"உன் ஆட்டக்கூலிய நினைச்சுக்க. தானா வரும்."

அறையே சிரித்தது. பூட்டும் சிரித்தாள். அவள் அந்த அறையில் சிரித்தது அதுவே கடைசி.

சனிக்கிழமை வெயிலில் கேலரி பாதிகூட நிறையவில்லை. திட்டம் தெரிந்த தம்பி முதல் வரிசையில், கணுக்காலில் கட்டோடு. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக எழுந்து மிதந்து வந்தது. கேப்டன் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். விழு, விழு என்று தம்பியின் உதடு அசைந்தது.

விழுந்திருந்தால் போதும். ஒரு கோல் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பந்து காற்றில் வளைந்து மேல்மூலைக்குத் திரும்பிவிட்டதே! அந்த நொடியில் அவளுக்கு அப்பா இல்லை, ஆபரேஷன் இல்லை, சாமான் அறையில் போட்ட திட்டம் இல்லை. பந்து மட்டும்தான் இருந்தது. பாவி மகள், தாவிவிட்டாள். விரல்நுனியில் தட்டிப் பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினாள்.

மைதானம் கைதட்டியது. எல்லாம் மறந்து கேப்டனும் தட்டினாள். பூட்டு அந்த வலது காலிலேயே இறங்கினாள். இந்த முறை 'ப்ளக்' என்ற சத்தம் கேப்டன் காதுவரை கேட்டது.

ஓடிவந்து சுற்றி நின்றவர்களில் யாருக்கும் அழுகைக்குச் சிரமமிருக்கவில்லை.

மேட்ச்சில் பட்ட அடி என்று ரெஃபரி எழுதினார். கிளப் மறுபேச்சில்லாமல் செலவு செய்தது. மேனேஜர் பூங்கொத்தோடு வந்து, "என்ன சேவ்ம்மா அது!" என்று மெச்சினார். சீசனோடு அவள் ஒப்பந்தம் முடிவதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். இனி நடக்கலாம், மாடிப்படி ஏறலாம் என்றார் டாக்டர்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த தம்பிக்குத் தாங்கவில்லை. "விழுன்னுதானேக்கா சொன்னோம். ஏன்க்கா விழல?"

மாவுக்கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்து வந்துச்சுடா."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவனுடைய கணுக்கால் சரியாகிவிட்டது. மாலை ஆட்டத்துக்கு அவன் பெஞ்சில் இருந்தாக வேண்டும்.

"கிளம்பு" என்று அவன் தோளைத் தட்டினாள் அக்கா. "லேட்டாப் போனா சம்பளத்துல பிடிச்சுடுவாங்க."